முப்பது மில்லித் தொண்டை

ரிவர்ஸ் கியர்ல மட்டும் ஏனுங்க இப்படி ஊளையிடுதுன்னு கேட்டீங்க பாருங்க, இந்த வண்டியப் பாக்க வந்த நாலு பேர்ல நீங்க ஒருத்தர்தான் சார் அதைக் கேட்டீங்க. மத்தவங்கெல்லாம் பெயிண்டைத் தடவிப் பாத்தாங்க, சீட்டை அமுக்கிப் பாத்தாங்க, டயரை ஒரு உதை உதைச்சாங்க, போயிட்டாங்க. நீங்க விவரமான ஆளு. உக்காருங்க. சம்சாரம் ஊர்ல இல்ல, கோத்தகிரி போயிருக்கா. காபி நான் போட்டா நீங்க வண்டிய வாங்காமயே ஓடிப் போயிருவீங்க, அதனால தண்ணி குடிங்க.

ஒருத்தன் ஒரு அம்பாசடரை மூணு கிலோமீட்டர் மலைமேல ரிவர்ஸ்லயே ஓட்டுனா அந்தக் கியர்ப் பல்லுக்கு என்ன ஆகும்? அதான் ஆகியிருக்குது. அந்த ஒருத்தன் நான்தான். சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. எங்க ஒறம்பரை, சொந்தபந்தம் பூராவும் பதினஞ்சு வருஷமாச் சிரிச்சுக்கிட்டுதான் இருக்குது, நீங்க ஒருத்தர் சேர்ந்தா என்ன குறைஞ்சு போச்சு.

என் பேரு சென்னியப்பன். இங்க கணபதியில லேத்துப் பட்டறை வெச்சிருந்தேன். அதுக்கு முன்னாடி ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில இருபது வருஷம். தண்ணி விஷயத்துல என்னை யாரும் ஏமாத்த முடியாதுங்க சார். கெணறு எத்தனை அடி, பைப்பு எத்தனை இஞ்சு, மோட்டார் எத்தனை குதிரைன்னு சொல்லுங்க, தொட்டி எத்தனை மணி நேரத்துல ரொம்பும்னு உக்காந்த இடத்துல சொல்லிப்போடுவேன். இந்தத் தண்ணி அறிவுதான் என்னைக் கவுத்துச்சு. அதைச் சொல்றேன், இருங்க.

எனக்குக் கூடப் பொறந்தது ஒரே தங்கச்சி, சாந்தாமணி. கோத்தகிரியில கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ளை வெள்ளியங்கிரி அங்க ஒரு தேயிலை எஸ்டேட்டுல மேனேஜரு. நல்ல மனுசன்தான். நல்ல மனுசன்னு எல்லாரும் சொல்றாங்க, நான் ஏன் இல்லைங்கோணும்? ஆனா வாயி இருக்குது பாருங்க, அது எப்பவும் ஒரு பக்கமா இழுத்துக்கிட்டுச் சிரிக்கும். அந்தச் சிரிப்பு எனக்கு ஆகாது.

சாந்தாமணிக்குப் பதினோரு வருஷம் கொழந்தை இல்ல. அப்புறம் கரு நின்னுச்சு. வளைகாப்புக்கு நானும் லோகுவும், சொந்தத்துல இன்னும் ரெண்டு பேரும், இந்த வண்டியிலதான் போனோம். லோகுன்னா லோகநாயகி, என்ற சம்சாரம். எங்களுக்கும் கொழந்தை இல்லீங்க. அது இந்தக் கதைக்குத் தேவையில்ல, விடுங்க.

மலையில பாதி தூரம் ஏறுனதும் வண்டி மூச்சு வாங்கி நின்னு போச்சு. வயசான வண்டி, நாலு பேரு, பின்னால சாக்கு மூட்டையாட்டம் பலகாரம். நான் போன் பண்ணலைங்க சார். யாரோ போறவங்க சொல்லியிருக்காங்க. மாப்பிள்ளை உடனே எஸ்டேட்டுல இருந்து தேயிலை லாரியை அனுப்பிச்சுட்டாரு. என் வண்டியக் கயித்துல கட்டி இழுத்துக்கிட்டு, உள்ள நான் ஸ்டியரிங்கைப் புடிச்சு உக்காந்துக்கிட்டு, வளைகாப்புப் பந்தல் வாசல்ல போயி எறங்குனேன். ஒறம்பரை மொத்தமும் வெளிய வந்து பாத்துச்சு. மாப்பிள்ளை கயித்தை அவுத்துக்கிட்டே ஒரு பக்கமாச் சிரிச்சுக்கிட்டுக் கேக்கறாரு, “மச்சான், காது குத்துக்கும் லாரியை இப்பவே சொல்லி வெச்சரட்டுங்களா?”

எல்லாரும் சிரிச்சாங்க. சாந்தாமணி சிரிச்சா. லோகு கூடச் சிரிச்சா சார், என் பக்கத்துல நின்னுக்கிட்டு.

உங்களுக்குத் தெரியாதது இல்ல. எங்க பக்கம் கொழந்தைக்குக் காது குத்தறதுன்னா தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தான் குத்தோணும். ஆசாரி ஊசியை எடுக்கறதே மாமன் உக்காந்த பின்னாடிதான். பதினோரு வருஷம் கழிச்சுப் பொறக்கப் போற கொழந்தை, ஒரே தாய்மாமன் நான். அந்த மடிக்கு நான் லாரி பின்னால கயித்துல வந்து எறங்கறதா? அன்னிக்கு வீட்டுக்கு வந்து சட்டையைக் கழட்டறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணிட்டேன். இந்த வண்டி அடுத்த தடவை அந்த மலையில நிக்காம ஏறோணும். வெள்ளியங்கிரி பாக்க ஏறோணும்.

இன்ஜினைப் பிரிச்சு வேலை செய்யறதுன்னா செலவு. ஒரு நாயித்துக்கெழமை பானெட்டைத் திறந்து வெச்சுக்கிட்டு யோசனை பண்ணுனேன். இன்ஜினுக்குக் காத்து போற வழி எது? கார்புரேட்டர். அதைக் கழட்டி மேசை மேல வெச்சுப் பாக்கறேன், உள்ள போற வழி நடுவுல சுருங்கி ஒரு தொண்டையாட்டம் இருக்குது. அளந்தேன். இருபத்தாறு மில்லிமீட்டர். அப்பத்தான் எனக்கு ஞானம் பொறந்துச்சு. அடப்பாவிகளா, நடுவுல பைப்பைக் குறுக்கி வெச்சா அந்தப் பக்கம் எப்படிடா வரும்? எந்தக் கெணத்துக்காரனாவது நாலு இஞ்சு பைப்புக்கு நடுவுல ரெண்டு இஞ்சு துண்டை வெப்பானா? இத்தனை வருஷம் ஊரெல்லாம் இதை இப்படியே ஓட்டிக்கிட்டு இருக்குது, ஒருத்தனுக்கும் தோணல, எனக்குத்தான் தோணியிருக்குதுன்னு நெனைச்சேன். அந்த இடத்துலயாவது எனக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கோணும். வரல.

மெக்கானிக் காதர் பாய்கிட்டக் காட்டுனேன். தங்கமான மனுசன். கார்புரேட்டரைக் கையில வாங்கித் திருப்பிப் பாத்துட்டு, “அண்ணா, தொண்டையைத் தொடாதீங்கண்ணா. ஜெட்டைச் சுத்தம் பண்ணி, பிளக்கை மாத்தி, டைமிங் பாத்துத் தரேன், ஏறிரும்”னாரு. நான் சொன்னேன், “பாய், நீங்க ஸ்பேனர் புடிக்கறவரு. நான் மைக்ரோமீட்டர் புடிக்கறவன்.” சொல்லிட்டு வாங்கிக்கிட்டு வந்துட்டேன். அவரு கோவிச்சுக்கல. பாவம்னு பாத்தாரு. அது எனக்குப் பொறாமையாட்டம் தெரிஞ்சுது.

லோகு அடுப்பு ஊதிக்கிட்டே கேட்டா. அப்பெல்லாம் வெந்நிக்கு வெறகடுப்புதான். “ஏனுங்க, ஊதாங்குழல் ஓட்டை சிறுசா இருக்கறதுனாலதானுங்க காத்து வேகமாப் போயி நெருப்புப் புடிக்குது? நீங்க பெருசு பண்றீங்களே?”

நான் சிரிச்சேன் பாருங்க சார். உள் மனசுல இருந்து சிரிச்சேன். “நீ ரசத்தைப் பாரு”ன்னேன்.

இப்பச் சொல்றேன், அவ சொன்னதுதான் முழு விஷயமே. அந்தத் தொண்டை சுருங்கி இருக்கறதே காத்தை வெரட்டத்தான். வேகமாப் போற காத்துதான் பெட்ரோலை உறிஞ்சி இழுத்துக்கிட்டுப் போகும். அகலமாக்கிட்டா, இன்ஜின் சும்மா பறக்கறப்ப நல்லாத்தான் இருக்கும், நெறையக் காத்து போகும், பவரு ஏறும். ஆனா இன்ஜின் மெதுவாச் சுத்தறப்பக் காத்து சோம்பேறியாட்டம் நடந்து போகும், பெட்ரோலை எடுத்துக்காது. மலையில வண்டி எப்படிப் போகும்? மெதுவாத்தானே போகும்? மலைக்குன்னு செஞ்ச வேலை மலைக்கு மட்டும் ஆகாது. எப்பேர்ப்பட்ட மூளை பாருங்க எனக்கு.

ஆனா வேலைன்னா வேலைங்க சார், அதைச் சொல்லாம இருக்க முடியாது. மூணு மாசம். லேத்துல கட்டி, முடி கனம் முடி கனமாக் குடைஞ்சு, இருபத்தாறை முப்பதாக்குனேன். உள்ள எமரி பேப்பர் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சு, என் மீசை தெரியற அளவுக்குப் பளபளப்பு. ஏர் பில்டரைக் கழட்டி வீசிட்டு, பித்தளையில ஒரு புனல் கடைஞ்சு வாயில மாட்டுனேன். பட்டறைக்கு வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் காட்டுனேன். பையன் பொறந்துட்டான்னு கோத்தகிரியில இருந்து போன் வந்தன்னிக்கு நான் லேத்துல இருந்து கையை எடுக்கல. லோகுதான் மூணு தடவை போயிக் கொழந்தையைப் பாத்துட்டு வந்தா, பஸ்ல. ஒவ்வொரு தடவை வந்தும் ரெண்டு நாளைக்கு அதே பேச்சு. மூக்கு இப்படி, வெரல் இப்படின்னு. நான் ஊம் ஊம்னு கேட்டுக்கிட்டே புனலுக்குப் பாலிஷ் போட்டேன்.

வேலை முடிஞ்சு ஒரு விடியக்காலம் அவிநாசி ரோட்டுல எடுத்தேன். ஆகா! இருபத்தஞ்சு வயசு கொறைஞ்ச மாதிரி ஓடுச்சு சார். முள்ளு நூறைத் தாண்டிப் போயி அங்க நின்னு நடுங்குது. பித்தளைப் புனல்ல காத்து உறுமற சத்தம் இருக்குதே, எனக்கு ரோமமெல்லாம் சிலுத்துப் போச்சு. சூலூர் வரைக்கும் போயித் திரும்பி வந்து, வாசல்ல நிறுத்தி, ஹாரனை ஒரு நிமிஷம் அடிச்சேன். அக்கம்பக்கம் யாருக்கோ ஏதோ ஆயிருச்சுன்னு எந்திரிச்சு வந்துட்டாங்க.

லோகு கேட்டா, “மேட்டுல ஓட்டிப் பாத்தீங்களா? மருதமலை ஒருக்காப் போயிட்டு வரலாமுங்க.”

மருதமலைன்னா அவளுக்கு வேண்டுதல். கல்யாணமான நாள்ல இருந்து அந்த மலைக்கு எத்தனை தடவை படியேறியிருப்பாள்னு கணக்கு இல்ல. இவ சாமி கும்புட வண்டி கேக்கறா, அதுக்கு டெஸ்டுன்னு பேரு வெக்கறாள்னு நெனைச்சுக்கிட்டேன். “அதெல்லாம் தேவையில்ல”ன்னுட்டேன். அப்ப அந்த மேட்டுல ஒரு தடவை ஏறியிருந்தா அங்கயே பல்லு இளிச்சிருக்கும்.

காது குத்துக்கு நாள் வெச்சாச்சு. எஸ்டேட்டை ஒட்டின முருகன் கோயில்ல. ஒம்பதுல இருந்து பத்தரைக்குள்ள நல்ல நேரம். மாப்பிள்ளை போன் பண்ணுனாரு. “மச்சான், மொத நாளே வந்து தங்கிக்குங்க. காலையில அவசரப்பட்டு வர வேண்டாம்.” பாத்தீங்களா? வண்டி ஏறாதுன்னு குத்திக் காட்டறாரு. அப்படித்தான் அன்னிக்கு எனக்குக் கேட்டுச்சு. “காலையில ஒம்பதுக்கு வாசல்ல நிப்பேனுங்க மாப்பிள்ளை”ன்னு வெச்சுட்டேன்.

லோகு ஒண்ணே ஒண்ணு சொன்னா, “ஆறு மணி பஸ்ஸு இருக்குதுங்க.” நான் வண்டிச் சாவியை எடுத்தேன். சீர்த்தட்டு, பட்டுச் சட்டை, வெள்ளி அரணாக்கொடி, கடுக்கன் டப்பி எல்லாத்தையும் அவ மடியில வெச்சுக்கிட்டு முன் சீட்டுல உக்காந்தா. மேட்டுப்பாளையம் வரைக்கும் நாப்பது நிமிஷம். வழியில அந்த ஆறு மணி பஸ்ஸை ஓவர்டேக் பண்ணுனேன். ஹாரன் அடிச்சுக்கிட்டே பண்ணுனேன். உள்ள எங்க ஒறம்பரை பாதி பேரு இருந்தாங்க, கையைக் காட்டுனாங்க. நெம்ப நேரம் மிச்சமாச்சேன்னு மேட்டுப்பாளையத்துல எறங்கி இட்லி சாப்பிட்டு, ரெண்டாவது காபியும் குடிச்சு, பானெட்டைத் தொடைச்சு வேற விட்டேன். அந்த அரை மணி நேரம் என் வாழ்க்கையிலயே நான் பெரிய ஆளா இருந்த நேரம்.

மலை ஆரம்பிச்சுது. மொத வளைவுல முன்னால ஒரு முட்டைக்கோஸ் லாரி. அது ஊர்ந்து போகுது. நானும் ஊர்ந்தாகோணும். ரெண்டாவது கியர் போட்டேன், வண்டி இருமுச்சு. மொதல் கியர் போட்டேன், குலுங்குச்சு. ஆக்சிலேட்டரை அமுக்குனா உறுமறதுக்குப் பதிலா, தொண்டையில கோழை கட்டுன கெழவனாட்டம் கொர்ருங்குது. ரெண்டாவது வளைவுல நின்னுச்சு. மூச்சு வாங்கட்டும்னு விட்டு எடுத்தேன். அப்புறம் பத்தடிக்கு ஒருக்கா நின்னுச்சு. நான் எறங்கிப் பிளக்கைக் கழட்டறேன், துடைக்கறேன், புனலை ஊதறேன், திட்டறேன். லோகு எறங்கிப் பின் சக்கரத்துக்குக் கல்லு வெப்பா, ஏறி உக்காருவா, மறுபடியும் எறங்கிக் கல்லு வெப்பா. பட்டுச் சீலை கட்டிக்கிட்டு. பேசியிருந்தாக்கூடச் சண்டை போட்டிருக்கலாம்.

எட்டரை ஆச்சு. பாதி மலை கூட ஏறல. கை ரெண்டும் முழங்கை வரைக்கும் கருப்பு. அப்பப் பின்னால ஹாரன். நான் ஹாரன் அடிச்சுத் தாண்டுன அதே ஆறு மணி பஸ்ஸு. ஜன்னலுக்கு ஒரு தலை நீட்டிக்கிட்டு ஒறம்பரை பூராவும் பாக்குது. கண்டக்டர் கேக்கறாரு, “அண்ணா, ஏறிக்கறீங்களா? நிக்கறதுக்கு எடம் இருக்குது.”

ஏறியிருக்கலாமில்லைங்க? ஏறியிருந்தா ஒம்பதரைக்குக் கோயில்ல இருப்பேன். ஆனா வெள்ளியங்கிரி முன்னால பஸ்ல இருந்து எறங்கறதா? வண்டி எங்க மச்சான்னு கேப்பாரே? உடனே லாரி அனுப்புவாரே? வேண்டாம்னு தலையை ஆட்டுனேன்.

லோகு சொன்னா, “ஏனுங்க, நேரமாகுதுங்க. நான் முன்னாடி போறனுங்க. நீங்க வந்துருங்க.”

அப்ப நான் ஒண்ணு சொன்னேன் சார். இத்தனை வருஷத்துல யாருகிட்டயும் சொன்னதில்ல. வண்டி பாக்க வந்தவருகிட்டச் சொல்றேன் பாருங்க. “நீ போயி என்ன பண்ணுவ? மாமன் நான். உன்ற மடியிலயா கொழந்தைய உக்கார வெக்கப் போறாங்க?”ன்னேன்.

பஸ்ஸே கேட்டுச்சு. சீர்த்தட்டை எடுத்துக்கிட்டா, கடுக்கன் டப்பியை இடுப்புல செருகிக்கிட்டா, ஏறிட்டா. பஸ்ஸு வளைவு திரும்பற வரைக்கும் நான் கார்புரேட்டரையே பாத்துக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் தனியா ஒண்ணரை மணி நேரம். தள்ளுவேன், ஏறுவேன், நிக்கும். எப்படியோ இன்னும் மூணு கிலோமீட்டர்ங்கற எடத்துக்கு வந்து சுத்தமாப் படுத்துருச்சு. பத்து மணி ஆகப் போகுது. சரி, போதும், கீழ போயிரலாம், யாரு மொகத்துலயும் முழிக்க வேண்டாம்னு வண்டிய உருட்டித் திருப்பி மூக்கைக் கீழ்ப்பக்கமா வெச்சேன், ஓரம் சரி பண்ணக் கொஞ்சம் ரிவர்ஸ் போட்டேன். பின்னால மேடு. சார், வண்டி கிடுகிடுன்னு ஏறுது! நான் நம்பல. நிறுத்தி மறுபடியும் போட்டேன். ஏறுது. ரிவர்ஸ் கியர்ல இழுவை அதிகம், இன்ஜின் கத்தோ கத்துன்னு சுத்தும், வண்டி நடக்கும். இன்ஜின் சுத்துனா என் முப்பது மில்லித் தொண்டைக்குக் காத்து கெடைச்சுருச்சு. மூணு மாச உழைப்புக்கு ஏத்த கியர் அந்த ஒண்ணுதான். அப்படியே கழுத்தைத் திருப்பிப் பின் கண்ணாடி வழியாப் பாத்துக்கிட்டே மலை ஏற ஆரம்பிச்சுட்டேன்.

அந்தக் காட்சியை நான் பாக்கல, பாத்தவங்க சொல்லிச் சொல்லித்தான் எனக்கே தெரியும். தேயிலை பறிக்கற பொம்பளைங்க கூடையை எறக்கி வெச்சுட்டுச் சிரிச்சாங்களாம். மேல இருந்து வந்த லாரி டிரைவர் ஒருத்தரு நிறுத்தித் தலையை நீட்டிக் கேட்டாரு, “ஏண்ணா, நீங்க மேல போறீங்களா, கீழ போறீங்களா?” எனக்கே அது சரியாத் தெரியல.

இனி கோயில்ல நடந்தது. இது சாந்தாமணி பின்னால சொன்னது. ஒம்பதே காலுக்கு ஆசாரி வந்து உக்காந்தாச்சு. ஒம்பதரைக்கு லோகு பஸ்ல வந்து எறங்குனா. மாமன் எங்கன்னு எல்லாரும் கேட்டாங்க, வந்துக்கிட்டு இருக்காங்கன்னா. ஒம்பதே முக்கால் ஆச்சு. ஆசாரிக்கு இன்னொரு எடத்துல வேலை, அவசரப்படுத்தறாரு. பங்காளி மொறையில ஒருத்தரை உக்கார வெக்கலாம்னு யாரோ சொன்னாங்க. அப்ப வெள்ளியங்கிரி மாப்பிள்ளை சொன்னாராம், “மாமன் வரலைன்னா என்ன, அத்தை வந்திருக்குதே. அத்தை மடி மாமன் மடி இல்லையா?”

அவரோட பெரியம்மா ஒண்ணு, எம்பது வயசு, மெதுவாச் சொல்லியிருக்குது, “ஏஞ்சாமி, பெத்தெடுக்காத மடியில எதுக்கு...” அதுக்கு மேல சொல்ல விடலையாம். “பெரியம்மா, பதினோரு வருஷம் என் பொண்டாட்டியவும் இதையேதான் சொன்னீங்க”ன்னு சொல்லிட்டு, கொழந்தைய வாங்கி அவரே லோகு மடியில வெச்சாராம். சாந்தாமணி, “உக்காருங்க நங்கை”ன்னு லோகு தோளைப் புடிச்சு மணையில உக்கார வெச்சாளாம். எங்க பக்கம் அண்ணியை நங்கைன்னுதான் கூப்புடுவோம். வலது காது குத்தியாச்சு. பையன் ஊரே கேக்க அழுதான். அழுதுட்டு, லோகு தோள்ல மொகத்தைப் பொதைச்சுத் தூங்கிட்டான். எடது காதுக்கு ஆசாரி ஊசியை எடுத்தப்ப மாப்பிள்ளை கையைக் காட்டி நிறுத்துனாராம். “பத்தரை வரைக்கும் நேரம் இருக்குது. இந்த ஒரு காது மச்சானுக்கு. வந்துருவாரு.”

எனக்காக ஒரு காதை நிறுத்தி வெச்சிருந்தாரு சார். நான் மூணு மாசம் யாரைத் தோக்கடிக்கோணும்னு தொண்டையைக் குடைஞ்சேனோ, அந்த ஆளு.

அப்பத்தான் கோயில் மேட்டுல என் வண்டியோட பின்பக்கம் மொதல்ல தெரிஞ்சுது. டிக்கி, நம்பர் பிளேட்டு, அப்புறம் ஜன்னல்ல வெளிய நீட்டுன என் தலை, திரும்பிக்கிட்டு. அப்புறம் சிரிச்சாங்க பாருங்க, மலை எதிரொலிச்சுது. மாப்பிள்ளை மட்டும் வாசல்ல வாட்ச்சைப் பாத்துக்கிட்டு நின்னாரு. “வாங்க மச்சான், வாங்க, பத்து இருபது, இன்னும் பத்து நிமிஷம் இருக்குது”ன்னாரு. அந்த ஒரு பக்கச் சிரிப்பு அன்னிக்கு இல்ல.

எனக்கு அதெல்லாம் மண்டையில ஏறல. ஒரு காது ஆயிருச்சுன்னு மட்டும் யாரோ சொன்னது காதுல விழுந்துச்சு. “என்னைக் கேக்காம யாரு மடியில வெச்சுக் குத்துனீங்க?”ன்னு கத்திக்கிட்டே உள்ள போனேன். தாய்மாமன் கோவம், கேக்கோணுமா?

உள்ள மணை மேல லோகு உக்காந்திருக்கா. கொழந்தை அவ மேல சாஞ்சு தூங்குது. காதுல சின்னதா, நாங்க கொண்டு போன கடுக்கன். ஒரு கை முதுகுல, ஒரு கை தலையில. அவ நிமிந்து என்னைப் பாத்தா. பஸ்ல ஏறறப்ப நான் சொன்னதுக்கு இப்பவாவது ஏதாச்சும் சொல்லுவாள்னு நெனைச்சேன். “கத்தாதீங்க. இப்பத்தான் தூங்குனான்”னா. அவ்வளவுதான்.

சாந்தாமணி எந்திரிச்சா. “அண்ணா, நீ உக்காரு. இன்னொரு காது உனக்குத்தான் நிறுத்தி வெச்சிருக்குது. நங்கை, கொழந்தையக் குடுங்க.” ஆசாரி ஊசியைத் தொடைச்சாரு. போட்டோக்காரன் கேமராவைத் தூக்குனான். எல்லாரும் வழி விட்டாங்க.

லோகு குடுக்கறதுக்குத்தான் கையை அசைச்சா சார். மாட்டேன்னு இல்ல. ஆனா முதுகுல இருந்த கை மட்டும் எடுக்க வரல. வெரல் அஞ்சும் அந்தப் பட்டுச் சட்டையைப் புடிச்சிருக்குது. அவ அந்தக் கையப் பாக்கறா, அவ கை அவ சொன்னதைக் கேக்கல. எங்களுக்குக் கல்யாணம் ஆயிப் பத்தொம்பது வருஷம். மருதமலை படியில அவ கூட ஒரு தடவை நான் ஏறியிருப்பேனா? எத்தனை வீட்டுல, எத்தனை விசேஷத்துல, கொழந்தைய எடுத்துக் குடுங்கன்னு சொன்னா அவ நாலடி தள்ளி நின்னிருப்பா? எனக்கு அன்னிக்கு வரைக்கும் அதெல்லாம் தெரியல. தெரியலைன்னு சொல்றது பொய்யி. பாக்கல. எனக்கு வெக்கமா இருந்துச்சு சார். வண்டி நின்னதுக்கு இல்ல.

நான் ரெண்டு கையவும் விரிச்சு எல்லாருக்கும் தெரியற மாதிரி நீட்டுனேன். முழங்கை வரைக்கும் கிரீஸு, கரி. “இந்தக் கையில எப்படிக் கொழந்தையத் தூக்கறது? பட்டுச் சட்டை என்னத்துக்கு ஆகறது? நேரம் வேற ஆகுது. அந்தக் காதும் அங்கயே ஆகட்டும்”னேன். “அறிவு இருக்குதா உனக்கு, வண்டிய நோண்டிக்கிட்டு, ஒரு நாளு கெடைச்சுது, அதையும் கெடுத்துக்கிட்ட”ன்னு ஒறம்பரையில நாலு பேரு திட்டுனாங்க. நானும் ஆமா ஆமான்னு தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டேன். இன்னிக்கு வரைக்கும் எங்க ஊர்ல, கை கருப்பா இருந்ததுனால மருமகனை மடியில வெக்க முடியாமப் போன தாய்மாமன்னுதான் எனக்குப் பேரு.

மாப்பிள்ளை என் கையப் பாத்தாரு. அப்புறம் எனக்கு ரெண்டடி தள்ளி, தூணோரமாப் பாத்தாரு. அங்க கால் கழுவற குழாய் இருந்துச்சு சார். பக்கத்துல ஒரு சோப்புத் துண்டு கூட இருந்துச்சு. நான் அதை உள்ள வர்றப்பவே பாத்துட்டேன். அவரும் பாத்துட்டாரு. எதை வெச்சு என்னைக் கேலி பண்ணலாம்னு காலமெல்லாம் தேடற மனுசன், அந்தக் குழாயப் பத்தி மட்டும் இது வரைக்கும் ஒருத்தருகிட்டயும் வாயைத் திறக்கல. ஆசாரி பக்கம் திரும்பி, “மச்சான் சொல்றது சரிதான், நேரமாச்சு. குத்துங்க”ன்னாரு.